மீசைக்குப் பின்னால் இருந்த வார்த்தை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பழைய நெசவு ஊரான பாடிஹமின் சர்ச் ஹாலுக்குப் போனால், பத்துப் பன்னிரண்டு பேர் கையில் கண்ணாடியோடு வட்டமாக உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார்கள். காது மந்தமானவர்களுக்கு உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கச் சொல்லித்தரும் வகுப்பு அது. நடத்துகிறவள் மார்லீன் ஹோல்கேட். வயது எழுபத்தாறு. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். எங்கள் மிஷின்கள் கைவிட்ட ஆட்களை அவளிடம்தான் அனுப்புவேன். இப்போது நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன், என் காதும் அந்த நிலைமைக்கு வந்துவிட்டது.

முதல் வகுப்பில் அவள் எல்லோரையும் இரண்டே சொல் சொல்லச் சொல்வாள். ஒன்று 'மாம்'. இந்த ஊர்ப் பிள்ளைகள் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்னொன்று 'பாம்', பமேலா என்ற பெயரின் சுருக்கம். குரலை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் உதட்டில் துளி வித்தியாசம் கிடையாது. நம்பாதவர்கள் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'அம்மா' என்றும், பிறகு 'அப்பா' என்றும் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க வீட்டில் அதே வேலையாக இருந்தேன்.

"கண்ணை நம்புங்க, ஆனா முழுசா நம்பிடாதீங்க," என்பாள் மார்லீன். "அந்த ஒரு எழுத்தை நம்பி நான் கோழிங்களோட படுத்துத் தூங்கினவ."

எல்லோரும் சிரிப்பார்கள். அதோடு விட்டுவிடுவாள். மிச்சத்தை, வகுப்பு முடிந்து டீக் கோப்பைகளைக் கழுவும்போது பல வருஷமாகத் துண்டு துண்டாக எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் அதை வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவுதான்.

மார்லீனின் அம்மா ரீட்டா இருபது வயதில் அவளைப் பெற்றாள். அப்பா கார் கம்பெனி வேலைக்கென்று தெற்கே போனவர், போனவர்தான். ரீட்டாவுக்கு ஓர் ஆள் சிரித்துப் பேசினால் போதும், இவன்தான் கடைசி என்று நம்பிவிடுவாள். ஓல்டமில் ஒரு பஸ் டிரைவர், சால்ஃபோர்டில் தட்டு எறிகிற ஒருவன், அப்புறம் பிளாக்பூலில் ஒருவன். ஒவ்வொரு தடவையும் பிள்ளையையும், ஒரு தலையணை உறைக்குள் அவள் துணிமணியையும் எடுத்துக்கொண்டு போவாள். ஆறு மாதத்தில் எல்லாம் உடைந்ததும் பாடிஹமில் தன் அம்மா வீட்டு வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுவாள். பிறகு அழுதுகொண்டே வந்து திரும்பக் கூட்டிப்போவாள். ஒன்பது வயதுக்குள் மார்லீன் ஏழு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ரீட்டாவைத் திட்டுவது சுலபம். எனக்கும் நாக்கு துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் அவள் பிள்ளையை மறந்ததே இல்லை, வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை.

1957 மார்ச் மாதம் பிளாக்பூலில் ஒரு லாட்ஜ் அறையில் பிள்ளையை உட்காரவைத்து, "சாயந்திரம் டீ நேரத்துக்கு வந்துடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போன ரீட்டா மூன்று நாள் வரவில்லை. லாட்ஜ்காரம்மா போலீசைக் கூப்பிட்டாள். ஒரு கான்ஸ்டபிள் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிப் பாடிஹமுக்குக் கொண்டுவந்தார். அந்த நேரம் பாட்டி ஹெட்டி வாசலில் மண்டியிட்டு, படியைக் கல்லால் தேய்த்து வெள்ளையாக்கிக்கொண்டிருந்தாள். தலையணை உறையோடு நின்ற பேத்தியைப் பார்த்தாள். போலீஸ்காரரைப் பார்த்தாள்.

"இப்பதான் தேச்சேன். மிதிக்காம தாண்டி வா," என்றாள்.

மார்லீன் தாண்டினாள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"நீயும் தாண்டி வாப்பா கான்ஸ்டபிள். உருளைக்கிழங்கு வச்சுச் சுட்டது நிறையக் கிடக்கு."

ஆறடி உயரமுள்ள அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாண்டினார். அன்றைக்கு அழ வேண்டிய மார்லீன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

அவள் லேசுப்பட்ட பிள்ளை இல்லை. படுக்கையை நனைத்தாள். அம்மாவைப் பற்றி ஏதோ சொன்ன ஒரு பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கடித்து வைத்தாள். கோபம் வந்தால் கைக்குக் கிடைத்ததை ஜன்னலில் எறிந்தாள். ஹெட்டிக்கும் கோபம் மூக்கு நுனியில்தான். "எடு, இன்னொண்ணையும் எடு. எறி. குளிர் உள்ள வரட்டும், எல்லாரும் சேர்ந்து சாவோம்," என்று கத்துவாள். கத்தி முடித்ததும் இருவரும் சேர்ந்து கண்ணாடி பொறுக்குவார்கள். நனைந்த போர்வையைப் பற்றி மட்டும் அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் அது கொடியில் காயும், அவ்வளவுதான்.

ஹெட்டி முப்பது வருஷம் மில்லில் ஆறு தறி ஓட்டியவள். முழங்கால் போனதால் வேலையை விட்டாள், வாயை விடவில்லை. நானூறு தறி ஒன்றாக ஓடும் ஷெட்டில் பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அந்தப் பெண்கள் குரலைத் தூர வைத்துவிட்டு, உதட்டைப் பெரிது பெரிதாக அசைத்துப் பேசிக்கொள்வார்கள். இங்கே அதற்கு மீமோ என்று பெயர். மில்லைவிட்டு வந்த பிறகும் அது போகாது. எதிர் வீட்டு ஜன்னலுக்கும் இந்த வீட்டு ஜன்னலுக்கும் இடையில் மீமோவிலேயே அரை மணி நேரம் ஓடும். சாதாரணப் பேச்சு உரக்க வரும். கர்ப்பம், ஆப்பரேஷன், அடுத்தவர் புருஷன் என்று வந்த இடத்தில் குரல் பட்டென்று நின்று உதடு மட்டும் போகும். பிள்ளைகள் காதில் விழக் கூடாதாம். பிள்ளைகளுக்குக் கண்ணும் இருக்கிறது என்பது அந்தத் தெருவில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஏழு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முகத்தையும், நாலு வீட்டில் குடித்துவிட்டு வருகிறவன் முகத்தையும் பார்த்துப் பார்த்துப் பழகிய பிள்ளை மார்லீன். அடுத்து என்ன வரப்போகிறது என்பதை முகத்தில்தான் படித்தாக வேண்டும். ஒரே மாதத்தில் மீமோ முழுக்கப் பிடிபட்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு எல்சிக்குக் கர்ப்பப்பையை எடுத்தது, மூலை வீட்டுக்காரர் இன்னொருத்தி வீட்டு அடுப்புக்கும் கரி அள்ளிப்போடுவது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வீட்டில் அவளால் படிக்க முடியாத முகம் ஒன்றே ஒன்று. தாத்தா க்ளெம்.

க்ளெம் அதே மில்லில் தறி மேஸ்திரி. தறி மக்கர் செய்தால் வந்து கழற்றிப் பூட்டுகிறவர். தறி ஓட்டும் பெண்களுக்கு மேஸ்திரிகள் என்றாலே இளப்பம். "ஒரு மேஸ்திரி ரெண்டு அலாரம் வாங்கினானாம். ஏன்யா ரெண்டுன்னு கேட்டா, ரெண்டு காதும் ஒரே நேரத்துல முழிக்கணும்லன்னானாம்," என்று க்ளெமை வைத்துக்கொண்டே எல்சி சொல்வாள். அவர் பைப்பைப் பற்றவைத்துக்கொள்வார். வீட்டிலும் பேச்சு கிடையாது. போதாததற்கு ஒரு மீசை. வாயே தெரியாமல் தொங்கும் சாம்பல் மீசை. அதனால் மில்லிலும் அவர் என்ன சொல்கிறார் என்று ஒருத்திக்கும் புரியாது. "அந்தப் புதருக்குப் பின்னால யாரோ குடியிருக்காங்க, வெளிய வரத்தான் மாட்டேங்கிறாங்க," என்பாள் ஹெட்டி.

பாட்டிக்குத் தான் வேண்டும் என்பது மார்லீனுக்குத் தெரியும். தாத்தாவுக்கு வேண்டுமா? அவர் வேண்டாம் என்றும் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை. இது அவர் வீடு. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கே நிரந்தரமாக இருக்க முடியாது என்று பிள்ளை தானாக முடிவு கட்டிக்கொண்டது. தலையணை உறையை மடித்து மெத்தைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். எப்போது வேண்டுமானாலும் தேவைப்படுமே.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. பின்கட்டில் ஹெட்டி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எல்சி. மார்லீன் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை மாம் வர்றா," என்றது ஹெட்டியின் உதடு. "இவளுக்காகத்தான். புள்ளைகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா குதிப்பா."

எல்சி தலையாட்டினாள். "க்ளெம் என்ன சொல்றார்?"

"அந்த மனுஷன் என்னத்தைச் சொன்னான். ம்ம்னான்."

மார்லீன் ஜன்னலிலிருந்து பின்வாங்கினாள். அம்மா திரும்பவும் வருகிறாள். திரும்பவும் போக வேண்டும். தாத்தா அதற்கு ம்ம் என்று சொல்லியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நழுவி, நேராக மில்லுக்குப் போனாள். ஒரே ஒரு கணக்குத்தான் அவள் மனதில். தாத்தாவிடம் நேரே கேட்டுவிட வேண்டும். அவர் இரு என்றால் அம்மா வந்தாலும் போக வேண்டியதில்லை. வாட்ச்மேன் கண்ணில் படாமல் உள்ளே புகுந்தாள். கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் இடித்தது. தலைக்கு மேலே தோல் பெல்ட்கள் சுழன்றன. க்ளெம் ஒரு தறிக்கு அடியில் படுத்திருந்தார். நிமிர்ந்தவர் நடுப்பாதையில் நிற்கும் பேத்தியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஓடுகிற தறியிலிருந்து நூல் கோத்த நாடாக்கட்டை தெறித்தால் கண் போய்விடும், பெல்ட்டில் சடை மாட்டினால் தலையே போய்விடும்.

"தாத்தா, நான் இங்கேயே இருக்கட்டுமா?" என்று அவள் உதட்டை அசைத்துக் கேட்டாள்.

மீசை ஏறி இறங்கியது. எதுவோ சொன்னார். கையை நீட்டிக் கதவைக் காட்டினார். மறுபடி ஏதோ சொன்னார், மறுபடி கதவைக் காட்டினார்.

போ என்று சொல்கிறார் என அவள் படித்தாள். போனாள்.

ஊரே தேடியது. சனிக்கிழமை காலை, கால்வாய்க்கு அந்தப் பக்கமுள்ள தோட்டத்தில் ஒருவர் முட்டை எடுக்கப் போனபோது, கோழிக் கொட்டகைக்குள் வைக்கோலில் ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அதே கான்ஸ்டபிள்தான் கூட்டிவந்தார். தலையெல்லாம் இறகு. ஹெட்டி அவளைப் பிடித்து இரண்டு அறை கொடுத்துவிட்டு, கட்டிக்கொண்டு அழுதாள். முன்னறையில் முன்பின் தெரியாத ஓர் இளம்பெண் கழுத்தில் அளவு டேப்போடு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?" என்றாள் மார்லீன்.

"இதுவா? எல்சியோட அக்கா பொண்ணு பாம். பெந்தெகொஸ்தே ஊர்வலத்துக்கு உனக்கு வெள்ளை கவுன் தைக்க அளவெடுக்க வந்திருக்கா. எங்கேடி போன நீ? ஏண்டி போன?"

மார்லீன் டேப்பைப் பார்த்தாள். பாமைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால், இத்தனை நாள் தெருவின் ரகசியம் முழுவதையும் களவாகப் படித்ததைச் சொல்ல வேண்டும். தாத்தா போகச் சொன்னதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

போலீஸ் எழுதிய காகிதம் கவுன்சிலின் குழந்தைகள் நல ஆபீசுக்குப் போனது. மிஸ் த்வெய்ட் என்ற அதிகாரி வந்தாள். கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

"ஏன் ஓடினே மார்லீன்? இங்க யாராவது அடிக்கிறாங்களா?"

மிஸ் த்வெய்ட் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டாள்.

"தாத்தா ஏதாவது சொன்னாரா?"

மார்லீன் தரையைப் பார்த்தாள். மிஸ் த்வெய்ட் அதைக் குறித்துக்கொண்டாள். பேசாத பிள்ளையின் மௌனத்தை மற்றவர்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வயதான தம்பதி, பிள்ளை ஓடிப்போகிறது, காரணம் சொல்ல மறுக்கிறது. அதே வாரம் ரீட்டாவிடமிருந்து கடிதம் வேறு. ஸ்டாக்போர்ட்டில் லென் என்ற தச்சரை முறைப்படி கல்யாணம் செய்துகொண்டாளாம், வீட்டுக்குள்ளேயே குளியலறை இருக்கிறதாம், பிள்ளையைக் கேட்டாள். சிறார் கோர்ட் தீர்மானிக்கும் வரை மூன்று வாரம் பிள்ளை கவுன்சில் விடுதியில் இருக்கட்டும் என்று முடிவானது.

"அதுவரைக்கும் நீங்க யாரும் அவகூடப் பேச வேண்டாம்," என்றாள் மிஸ் த்வெய்ட். "அங்க அவளா சொல்லணும். யாரும் சொல்லிக்கொடுத்ததா இருக்கக் கூடாது."

அவளை விடுதிக்குக் கூட்டிப்போன அன்றைக்கு க்ளெம் வேலைக்குப் போயிருந்தார். கார் கதவு சாத்தப்பட்டது. ஹெட்டி படியில் நின்றாள். மார்லீன் கார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, சத்தமே இல்லாமல், சுத்தமான மீமோவில் சொன்னாள்.

"தாத்தாவுக்கு நான் வேண்டாம். மில்லுல போய்க் கேட்டேன். போன்னுட்டார். பரவால்ல."

ஹெட்டியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. கார் போய்விட்டது.

அன்று சாயந்திரம் அந்த வீட்டில் நடந்ததை எல்சி ஊருக்கே சொன்னாள். ஹெட்டி க்ளெமின் கையிலிருந்த பைப்பைப் பிடுங்கிக் கரி அடுப்பில் எறிந்தாளாம்.

"என்னய்யா சொன்ன அந்தப் புள்ளைகிட்ட? ஷெட்டுக்குள்ள என்ன சொன்ன?"

க்ளெம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இருன்னேன். கதவுகிட்ட இரு, வர்றேன்னேன்."

"அவளுக்கு எப்படித் தெரியும்? உன் வாய் எங்க இருக்குன்னு எனக்கே முப்பத்தாறு வருஷமாத் தெரியாது."

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. கோர்ட் என்றாலும் அது ஒரு சின்ன அறைதான். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் மிஸ்டர் ஆஸ்ப்டன், பல் டாக்டர். நாள் முழுக்க ஊரார் வாயையே பார்க்கிறவர், ஆனால் அதில் ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாதவர். ஒரு பக்கம் தூங்கி வழியும் ஒரு கடைக்காரர். இன்னொரு பக்கம் செர்ரிப் பழம் குத்திய தொப்பியோடு மிசஸ் என்ட்விசில், நெசவாளர் சங்கத்துக்காரம்மா. வலது பக்கம் நாற்காலியில் ரீட்டா புதுக் கோட்டில், பக்கத்தில் லென். பின்னால் சுவரோரம் பெஞ்சில் பாட்டி.

மார்லீன் முடிவெடுத்துவிட்டிருந்தாள். அம்மாவோடு போகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். வேண்டாம் என்றவர் வீட்டில் போய் எப்படி உட்கார்வது?

"பயப்படாதம்மா," என்றார் ஆஸ்ப்டன். "யார்கூட இருக்க ஆசைப்படுற? நீயே சொல்லு. வேற யாரும் பேசக் கூடாது."

கடைசியாக ஒரு தடவை பாட்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினாள். பாட்டி பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வெயில் பட்ட நிறம், மூக்குக்குக் கீழே மட்டும் உரித்த கோழி மாதிரி வெள்ளை. சவரத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. மெல்லிய, கொஞ்சம் நடுங்குகிற உதடு. அவள் அந்த உதட்டை அதற்கு முன் பார்த்ததே இல்லை. யாரென்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

அந்த உதடு திறந்தது. மூன்று வாரமாகக் கண்ணாடி முன் பழகியிருந்தார் போலும். மந்த மாட்டிடம் சொல்வதுபோல மெதுவாக, பெரிதாக, கோணல்மாணலாக, குரலே இல்லாமல் ஒரு வார்த்தை வந்தது.

"இரு."

உதடு மறுபடி திறந்தது.

"இரு. எங்ககூட இரு. அன்னிக்குச் சொன்னதும் அதுதான்."

"நிஜமாவா?" என்று அவள் உதடும் சத்தமில்லாமல் கேட்டது.

கிழவர் தலையாட்டினார். கண்ணில் நீர் கோத்து, மறைக்க மீசை இல்லாததால் அப்படியே வழிந்து வாயில் இறங்கியது.

ஆஸ்ப்டன் முன்னால் சாய்ந்தார். "என்னம்மா, வாய் அசையுது, சத்தம் வரலையே?"

மிசஸ் என்ட்விசில் தொண்டையைக் கனைத்தாள். "புள்ளைக்கு நாக்கு வறண்டுபோச்சு டாக்டர். தண்ணி குடுக்கச் சொல்லுங்க. குடிச்சிட்டுச் சொல்லும்."

தண்ணீர் வந்தது. மார்லீன் குடித்தாள். பிறகு அந்த அறை அதிரும்படி, "தாத்தா பாட்டிகூட," என்றாள்.

"அப்புறம் ஏன் அங்கேருந்து ஓடினே?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "சனிக்கிழமை மாம் வர்றான்னு பாட்டி எல்சிகிட்ட சொன்னாங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு ஓடிட்டேன். ஆனா அது மாம் இல்ல, பாம்."

பல் டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மிசஸ் என்ட்விசில் மட்டும் தொப்பியின் செர்ரி குலுங்கச் சிரித்தாள். "நான் பதினெட்டு வருஷம் தறி ஓட்டினவ டாக்டர். என் வாயைப் பாருங்க. இது மாம். இது பாம். என்ன வித்தியாசம் சொல்லுங்க?"

அவர் பார்த்தார். தானும் சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் விழித்துக்கொண்டு அவரும் சொல்லிப் பார்த்தார். மிஸ் த்வெய்ட், எழுதுகிற குமாஸ்தா, எல்லோரும் மாம், பாம் என்று தொட்டி மீன்கள்போல வாயைத் திறந்து மூடினார்கள். பிள்ளை அந்த வீட்டை விட்டு ஓடவில்லை, அந்த வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் ஓடியிருக்கிறது என்பது அப்படித்தான் கோர்ட்டுக்கு விளங்கியது. பதினெட்டு வயதுவரை தாத்தா பாட்டியின் பொறுப்பில் இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

வெளியே போகும்போது மிசஸ் என்ட்விசில், அறைக்கு அந்தக் கோடியிலிருந்து ஹெட்டிக்குச் சத்தமில்லாமல் ஒன்று சொன்னாள். "மீசை இல்லாம ஆளு பரவால்ல."

"முப்பத்தாறு வருஷம் ஏமாந்திருக்கேன்," என்றது ஹெட்டியின் உதடு.

பஸ்ஸில் ஹெட்டி பேத்தியின் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நாளாடி?"

"என்ன?"

"மீமோ."

"வந்த மாசத்துலேருந்து."

"அப்ப எல்சியோட ஆப்பரேஷன்?"

"தெரியும்."

"மூலை வீட்டுக்காரன் விஷயம்?"

"அதுவும்."

ஹெட்டி வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். தெருவுக்குப் போனதும் அவள் செய்த முதல் வேலை, சமையலறை ஜன்னலுக்குத் திரை தைத்ததுதான். தலையணை உறையை எடுத்துத் தலையணைக்கே போட்டாள். ஊர்வலத்தில் மார்லீன் பாம் தைத்த வெள்ளை கவுனில் நடந்தாள். அளவு எடுத்த பிறகு மெலிந்துபோயிருந்ததால் அது தொளதொளவென்று இருந்தது.

அதற்குப் பிறகு படுக்கை நனைவது எப்போது நின்றது என்று யாருக்கும் ஞாபகமில்லை. மார்லீன் பள்ளிக்கூடம் முடித்தாள், கேன்டீனில் வேலை பார்த்தாள், ஒரு கல்யாணம் செய்து சலித்துப்போய்ப் பெயரை மறுபடி ஹோல்கேட் ஆக்கிக்கொண்டாள், நாற்பது வயதுக்கு மேல் படித்து உதடு படிக்கச் சொல்லித்தரும் சான்றிதழ் வாங்கினாள். ஹெட்டி 1971ல் போனாள். க்ளெம் 1979 வரை இருந்தார். குளிர் வந்தால், "மூக்குக்குக் கீழ சில்லுன்னு இருக்கு," என்று முனகுவார். ஆனாலும் சாகிற வாரம்வரை ஒரு நாள் தவறாமல் சவரம் செய்துகொண்டார்.

அவர் சவ அடக்கத்துக்கு ரீட்டா வந்திருந்தாள். லென் அவளை விட்டுப் போய் வெகு காலம் ஆகியிருந்தது. பிறந்தநாளுக்கு வருவாள், இரண்டு மணி நேரத்தில் போய்விடுவாள், அவ்வளவுதான் அவளுக்கும் மகளுக்கும் இருந்த உறவு. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்குக் கோர்ட்ல அப்பா சொன்னதை நானும் பார்த்தேன்."

மார்லீனுக்கு இருபத்திரண்டு வருஷம் தோன்றாத ஒன்று அப்போதுதான் உறைத்தது. ரீட்டாவும் தறிக்காரியின் மகள். பதினைந்து வயதில் அதே ஷெட்டில் நின்றவள். எழுந்து, இவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேஸே மாறியிருக்கும்.

"ஏம்மா சொல்லல?"

ரீட்டா புகையை விட்டாள். "அந்த வார்த்தை அவர் வாயிலேருந்து வந்து நான் பார்த்ததே இல்ல. நான் வீட்டை விட்டுப் போன அன்னிக்கும் மீசைதான் ஆடிச்சு. என்ன சொன்னார்னு தெரியாமலே போயிட்டேன். அன்னிக்கு உங்கிட்ட சொன்னப்ப, பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்."

மார்லீன் அதைச் சொல்லக் கேட்டபோது கையிலிருந்த கோப்பையைக் கழுவாமல் நான் அப்படியே வைத்திருந்தேன். ஒரு தாய் பிள்ளைக்குச் செய்ததில் ஆகப் பெரியது வாயை மூடிக்கொண்டதுதான் என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

2003 அக்டோபரில் மார்லீன் வீட்டு மணி அடித்தது. வெளியே மழை. வாசலில் எழுபத்தைந்து வயது ரீட்டா, ஒரு பழைய பெட்டியோடு. இருந்த வாடகை அறையும் போயிருந்தது. காதில் மிஷின் மாட்டியிருந்தாள்.

"பேட்டரி தீந்துபோச்சு. நீ என்ன திட்டினாலும் கேக்காது," என்றாள். "ரெண்டு நாள்தான். அப்புறம் எங்கயாவது பார்த்துக்கிறேன்."

மார்லீன் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். வெளிச்சம் தன் வாயில் விழும்படி ஒரு எட்டு முன்னால் வந்தாள். பிறகு மெதுவாக, பெரிதாக, சத்தமில்லாமல் சொன்னாள்.

"இரு."

ரீட்டா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கீழே பார்த்தாள்.

"படி தேச்சிருக்கியா?"

மார்லீன் தலையாட்டினாள். ரீட்டா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் முடிந்த மட்டும் தூக்கி, மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தாள். மறுவாரம் நான்தான் அவளுக்குப் புது பேட்டரி போட்டுக்கொடுத்தேன். அந்த வீட்டுப் பின்னறையில் அவள் ஒன்பது வருஷம் இருந்தாள்.